நியூயார்க் – சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இவ்விரண்டையும் நடுவில் எங்கும் இறங்காத சேவையால் இணைத்தபோது, உலகின் மிக நீண்ட பயணிகள் விமானத் தடம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பெயர் இருந்ததும் அதே நிறுவனத்தின் சிங்கப்பூர்–நுவார்க் சேவையிடம்தான். ஹட்சன் ஆற்றுக்கு மறுபுறம், நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் நுவார்க் விமான நிலையம் சாங்கிக்கு 5 கிலோமீட்டர் மட்டுமே அருகில் இருக்கிறது.

இந்தத் தடத்துக்குக் கால அட்டவணையில் காட்டப்படும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். 18 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 822 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் விமானம் உயரத்தில் பறப்பது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில். 15,349 கிலோமீட்டரை அந்த வேகத்தில் 17 மணி நேரத்தில் கடந்துவிடலாம். மீதி 1 மணி 40 நிமிடம் எங்கே போகிறது என்பதற்கு விடை தேடினால், விமானப் பயணத்தின் அடிப்படைகள் பெரும்பாலும் வந்துவிடும்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று நூல்களிலும் அட்டவணைகளிலும் தரப்படுவது, பூமியின் மேற்பரப்பை ஒட்டி அளந்த மிகக் குறுகிய வழி. உருண்டையின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் அதன் மேற்பரப்பை வெட்டும்போது உண்டாகும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான குறுகிய வழி, அவை இரண்டின் மேலும் செல்லும் பெருவட்டத்தின் ஒரு துண்டுதான். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டத்தின் பாதிகள். மற்ற அட்சரேகைகள் அப்படி அல்ல. சென்னையும் பாங்காக்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருந்தாலும், அந்த ரேகையைப் பிடித்துக்கொண்டே கிழக்கே போவது மிகக் குறுகிய வழி ஆகாது.

நியூயார்க்–சிங்கப்பூர் தூரத்தைக் கால்குலேட்டர்கூட இல்லாமல் கணக்கிடலாம் என்பது இந்தத் தடத்தின் ஒரு வசதி. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையை ஒட்டி இருக்கிறது. சிங்கப்பூர் கிழக்கு 104 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது இரு நகரங்களும் பூமியின் நேரெதிர்ப் பக்கங்களில், ஏறக்குறைய ஒரே பெருவட்டத்தின் இரு பாதிகளில் அமைந்திருக்கின்றன. எனவே குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போக வேண்டும். நியூயார்க்கின் அட்சரேகை வடக்கு 40.64 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு 49.36 பாகை. சிங்கப்பூர் 1.36 பாகை, துருவத்திலிருந்து அங்கே இறங்க 88.64 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,335 கிலோமீட்டர் கிடைக்கிறது. அச்சில் வரும் கணக்குக்கும் இதற்கும் 14 கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

பூமி சரியான உருண்டையாக இல்லாததே அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இந்தத் தட்டையைக் கணக்கில் சேர்த்து மில்லிமீட்டர் அளவுத் துல்லியத்தில் தூரம் காண்பதற்கு ததேயுஸ் வின்சென்டி 1975-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. விமானப் பயணத்துக்கு அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடம் இந்த வழியைக் காட்டாது. கெரார்டஸ் மெர்கேட்டர் 1569-இல் வரைந்த முறையைப் பின்பற்றும் படங்களில் துருவங்களுக்கு இடமே கிடையாது. வடக்கே போகப் போக நிலப்பரப்பு ஊதிப் பெருத்துக்கொண்டே போகும். மாலுமிகளுக்காக வரைந்த படம் அது. அதில் கிழித்த நேர்கோட்டில் திசைகாட்டியின் முள் ஒரே கோணத்தில் நிற்கும். கப்பலோட்டிக்கு அது பெரிய வசதி. ஆனால் ஒரே திசைக் கோணத்தில் நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர் போனால் அட்லாண்டிக், வட ஆப்பிரிக்கா, அரபிக் கடல் என்று சுற்றி சுமார் 18,500 கிலோமீட்டர் ஆகும். பெருவட்டத்தைவிட 3,000 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரு நகரங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே ஆர்க்டிக் கடலுக்கு ஏறிவிடும். வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் அது கடந்து செல்லும். விமான இருக்கைத் திரையில் வழி வில்லாக வளைந்து தெரிவதைப் பார்த்து, விமானி சுற்றிக்கொண்டு போகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. வளைந்திருப்பது படம்.

உண்மையில் விமானி சுற்றிக்கொண்டும் போகிறார் என்பது அடுத்த செய்தி. நுவார்க் சேவையை 2018-இல் மறுபடி தொடங்கியபோது, பயண தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர், நேரம் அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம் என்று விமான நிறுவனமே அறிவித்தது. பெருவட்டத் தூரமோ 15,344 கிலோமீட்டர். அதாவது 1,300 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. 16,700-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 890 கிலோமீட்டர் வருகிறது. காணாமல் போன நேரம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த 18 மணி 45 நிமிடத்துக்குள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது எல்லாம் அடக்கம். அவற்றைக் கழித்தால், நடுவழியில் விமானம் தன் சொந்த வேகத்தையும் தாண்டியிருக்க வேண்டும். அந்த உபரி வேகம் காற்று கொடுத்தது. வழியை நீட்டியதும் அந்தக் காற்றைத் தேடித்தான்.

விமானம் காற்றுக்குள் பறக்கிறது. காற்று நிலத்தின் மேல் நகர்கிறது. தரையைப் பொறுத்த வேகம் என்பது இவ்விரண்டின் கூட்டல் அல்லது கழித்தல். நடு அட்சரேகைகளில், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் குறுகிய வேகக் காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். மணிக்கு 150 கிலோமீட்டர் என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300-ஐத் தாண்டும். இதை முதலில் முறையாக அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-களில் ததேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று 1926-இல் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். விளைவு, யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான்மீது குண்டுவீசச் சென்ற அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகுதான் மேற்குலகம் அதை நேருக்கு நேர் அறிந்தது.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானங்கள் பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கில் இந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போகின்றன. திரும்பும்போது எந்தப் பக்கம் என்பது அன்றாட முடிவு. அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து கிழக்கே வரலாம். வடக்கே ஏறி பசிபிக் பக்கமாக இறங்கலாம். நகரங்கள் நேரெதிரே இருப்பதால் இரு பக்கமும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. காற்று எந்தப் பக்கம் சாதகமோ அந்தப் பக்கம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய வானிலை முன்கணிப்பை வைத்துக் கணினி வழியைத் தீர்மானிக்கிறது.

தூரம் கூடினால் நேரம் குறையக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று உண்டு. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியே பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர்; புதியது சுமார் 15,300. அந்த 15,300 கிலோமீட்டரை முதல் விமானம் 14½ மணி நேரத்தில் கடந்தது. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் 2 மணி நேர அளவுக்கு மிச்சம். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டன் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது மீறவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து வழக்கமான வேகத்தில்தான் சென்றது.

போகும்போது காற்று கொடுத்ததைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி இல்லை. 9,000 கிலோமீட்டர் தூரம், விமான வேகம் 900, காற்று 100 என்று கொள்வோம். பின்காற்றோடு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் 9 மணி நேரம். எதிர்காற்றில் 800 கிலோமீட்டர் வேகத்தில் 11¼ மணி நேரம். மொத்தம் 20¼. காற்றே இல்லாமலிருந்தால் 20 மணி நேரத்தில் போய்த் திரும்பியிருக்கலாம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடக் கூடுதல். ஆகவேதான் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருப்பதில்லை.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வராதா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழும். வராது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அதற்குள் இருக்கும் விமானமும் அப்படியே. ஜெட் காற்றோட்டம் உருவாவதில் சுழற்சிக்குப் பங்கு உண்டு. அந்த மறைமுக வழியைத் தவிர நேரடிப் பயன் எதுவும் இல்லை.

காற்று இவ்வளவு செய்யும்போது, வேகமான எஞ்சினைப் போட்டு நேரத்தைக் குறைக்கக் கூடாதா? மணிக்கு 900 என்ற எண் ஒலியின் வேகத்தோடு கட்டுண்டது. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலி மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஏர்பஸ் ஏ350 பறப்பது அதில் 85 சதவீதம். அதற்குமேல் போனால் இறக்கையின் மேற்பரப்பில் ஓடும் காற்று ஒலியின் வேகத்தைத் தாண்டி, அதிர்வலை உண்டாகி, இழுவை மளமளவென்று ஏறும், எரிபொருள் கட்டுப்படியாகாது. 1960-களின் ஜெட் விமானங்களும் இதே வேகத்தில்தான் பறந்தன. 60 ஆண்டுகளில் விமானங்கள் சிக்கனமாகியிருக்கின்றன, வேகமாகவில்லை.

சிக்கனம் இல்லாமல் இந்தத் தடமே இல்லை என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. சிங்கப்பூர்–நுவார்க் சேவை 2004 ஜூனில் நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானங்களோடு தொடங்கியது. முதலில் 181 இருக்கைகள். 2008-இல் அதையும் குறைத்து 100 பிசினஸ் வகுப்பு இருக்கைகள் மட்டும் வைத்தார்கள். அப்போதும் எரிபொருள் செலவைத் தாங்க முடியாமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் ஏ350-900 விமானத்தின் மிகை நெடுந்தூர வகை வந்த பிறகு, 2018 அக்டோபர் 11 அன்று சேவை உயிர் பெற்றது.

அந்த விமானம் 280 டன் எடையோடு எழும்பும். அதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் சுமார் 130 டன். நிரப்பினால் மொத்த எடையில் பாதியை நெருங்கிவிடும். கட்டுச்சோற்றின் பாரத்தைச் சுமப்பதற்கே கொஞ்சம் சோறு தின்ன வேண்டிய வழிப்போக்கன் நிலைதான் இது. எரிபொருளைச் சுமப்பதற்கே, சுமக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மணிக்கு 3 முதல் 4 சதவீதம் எரியும் என்பது விமானத் துறையின் தோராய விதி. 18 மணி நேரத்தில் அது எங்கே போய் நிற்கும் என்பதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் மற்ற பாரத்தைக் குறைக்கிறார்கள். அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-900-இல் 253 இருக்கைகள், இதில் 161. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. புறப்பட்டவுடன் பாரம் காரணமாக விமானத்தால் உச்ச உயரத்துக்கு ஏற முடியாது. எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக மேலேறி, காற்று மெலிந்த, இழுவை குறைந்த உயரத்தை அடைகிறது. 18,000 கிலோமீட்டர் பறக்கும் திறன் அதற்கு உண்டு. வழி நீளம், எதிர்காற்று, இறங்க முடியாமல் வேறு விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்படும் சாத்தியம் எல்லாவற்றையும் கழித்தால் அதில் வீண் மிச்சம் அதிகம் இல்லை.

துருவத்துக்கு மேலே குறுக்கு வழி இருந்தும் எல்லா நாளும் அதைப் பிடிக்க முடியாததற்குக் காற்று மட்டும் காரணமல்ல. அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் ஜெட் ஏ எரிபொருள் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியில் உறையும். மற்ற நாடுகளின் ஜெட் ஏ-1 கீழே 47 டிகிரியில். ஆர்க்டிக்கில் வெளிக் காற்று கீழே 65 டிகிரிக்குக்கூடப் போகும். பல மணி நேரம் அதில் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மெல்லக் குளிர்ந்துகொண்டே வரும். வெப்பநிலை எல்லையை நெருங்கினால் விமானி கீழிறங்குவார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். காற்று அழுந்துவதால் உண்டாகும் சூடு இறக்கையைக் காக்கும். இத்தனை குளிரில் வேகமே கணப்பு என்பது சற்று வியப்பான ஏற்பாடுதான். இது தவிர சூரியப் புயல் வீசும் நாட்களில் துருவப் பகுதியில் வானொலித் தொடர்பு கெடும், கதிர்வீச்சு கூடும். அப்போது வழியைத் தெற்கே மாற்றுவார்கள். இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தால் மற்றதோடு இறங்குமிடத்தை எட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரு காலத்தில் அந்த எல்லை 60 நிமிடம். ஏ350-900-க்கு 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்திருப்பதால் அது இப்போது பெரிய தடையாக இல்லை.

அரசியல் தடை மட்டும் தொழில்நுட்பத்துக்கு வசப்படவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியா வழியே 9½ மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானம், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு போக 13 மணி நேரம் எடுத்தது. துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்து அந்நிறுவனம் சமாளித்தது. பாகிஸ்தான் வான்வெளி 2019-இல் மூடப்பட்டபோதும், 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மறுக்கப்பட்டபோதும், தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் விமானங்கள் அரபிக் கடல் பக்கம் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

போர் வழியை மூடியதால் பிறந்த பயணம் ஒன்று இலங்கையோடு சேர்ந்தது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் ஆஸ்திரேலியா–பிரிட்டன் வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம், கடலில் இறங்கும் கேட்டலினா விமானங்களில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து காலி நகருக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கு இடையில் நிற்காமல் பறந்தது. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர்தான். நேரமோ 27 மணிக்குக் குறையாது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் எடுத்தது. வானொலியைப் பயன்படுத்தாமல் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். எரிபொருள் பாரத்தால் பயணிகள் மூவருக்கு மேல் ஏற்ற முடியாது. வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் இதற்கு இரட்டைச் சூரியோதயம் என்று பெயர். ஆகாயத்தில் இருந்த நேரத்தைக் கொண்டு பார்த்தால் நியூயார்க்–சிங்கப்பூர் விமானம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. சிட்னி–லண்டன் இடையே சுமார் 17,000 கிலோமீட்டரை ஒரே வீச்சில் கடக்க குவாண்டாஸ் தயாரித்துவரும் ஏ350-1000 சேவைக்கு அந்த நினைவாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். பயணம் 22 மணி நேரம் வரை ஆகலாம்.

கடிகாரம் செய்யும் குழப்பம் தனி. நியூயார்க்கில் கோடை காலத்தில் திங்கள் இரவு 10.30-க்கு ஏறுபவர், 18 மணி 40 நிமிடம் பறந்து, சிங்கப்பூரில் புதன் காலை 5.10-க்கு இறங்குவார். செவ்வாய்க்கிழமை முழுவதும் விமானத்துக்குள்ளேயே கரைந்துபோகும். சிங்கப்பூரில் திங்கள் இரவு 11.35-க்கு ஏறுபவரோ செவ்வாய் காலை 6.15-க்கே நியூயார்க்கில் இருப்பார். கடிகாரத்தின்படி ஒன்று 30 மணி 40 நிமிடம், மற்றது 6 மணி 40 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 18 மணி 40 நிமிடம். நேர மண்டல வித்தியாசம் அடிபட்டுப் போகும். எந்த ஊர்ப் பயணச்சீட்டுக்கும் இந்த முறை பொருந்தும். கிடைப்பது போக வர ஆகும் நேரத்தின் சராசரி என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

அட்டவணை நேரம் என்பது ஓடுபாதையை விட்டு எழுந்தது முதல் தரையைத் தொட்டது வரையிலான நேரம் அல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்தது முதல், அடுத்த ஊரில் கட்டையை வைப்பது வரை. கென்னடி விமான நிலையத்தில் மாலை நெரிசலில் ஓடுபாதையை அடையவே அரை மணி நேரம் போய்விடுவது உண்டு. தாமதம் என்ற கெட்ட பெயரைத் தவிர்க்க நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூட்டியும் வைக்கின்றன. விமானி முன்னதாகவே தரையிறங்கிவிட்டதாக அறிவிக்கும் நாட்களில் பாதிப் பெருமை அட்டவணை போட்டவருக்குச் சேரும்.

வீட்டிலிருந்தே மதிப்பிட விரும்புவோர், பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நியூயார்க்–சிங்கப்பூருக்கு 18 மணி 33 நிமிடம் வரும். சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், அட்டவணை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். ஹெல்சிங்கி–டோக்கியோ 7,800 கிலோமீட்டருக்கு 9 மணி 40 நிமிடம் வருகிறது. கணக்குக்கும் அட்டவணைக்கும் இடையே அரை மணி, ஒரு மணி நேரம் இடித்தால் அது காற்றின் வேலை. மூன்று மணி நேரத்துக்கு மேல் இடித்தால், வழியில் எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.